கோப்பைகளுக்கு அப்பா கட்டிய வரி

இயேசு மரி சூசை

தூத்துக்குடி,
ஜூலை மாதத் தலைவெள்ளி

என் அன்பு மகள் ஸ்டெபிக்கு,

அம்மா எழுதுகிறேன். மாதாவின் தயவில் நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, வழக்கம்போல் சண்டை போட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறோம். நீயும் மருமகன் பாலகணேசும் அந்தக் குளிர் தேசத்தில் சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்கிறீர்கள் என்ற சேதி கிடைத்தால் எனக்கு அதுவே போதும். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் நான் பேச ஆரம்பித்ததும் உன் அப்பா செய்தித்தாளை விரித்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், ஒரு வரியும் படிப்பதில்லை, காது முழுக்க என் போனில்தான். நான் இப்போது சொல்லப்போவது அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்ல முடியாத சங்கதி. எதிர்வீட்டு மெட்டில்டாவின் மகள் ஜெர்லினுக்கு உங்கள் அயர்லாந்திலேயே நர்சு வேலை கிடைத்து வருகிற செவ்வாய்க்கிழமை புறப்படுகிறாள், அவள் கையில் இந்தக் கடிதத்தையும் ஒரு டப்பா மக்ரூனையும் கொடுத்துவிடுகிறேன். மக்ரூனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் எல்லாருக்கும் பங்கு வைத்துவிடாதே, வீட்டிலும் கொஞ்சம் இருக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை மகளே. பனிமய மாதா திருவிழாவுக்கு இரண்டு பேரும் வருவோம், ஸ்ரீவைகுண்டத்தில் மாமியார் வீட்டில் தங்குவோம், கொடியேற்றத்தன்று கோயில் வாசலில் என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம், நம் வீட்டுக்கு வரமாட்டோம் என்றாய். அப்பா ஒரு வார்த்தை கூப்பிடாத வீட்டுக்கு என் வீட்டுக்காரரை அழைத்து வந்து தலைகுனிய வைக்க மாட்டேன் என்றும் சொன்னாய். நீ சொன்னது நியாயம்தான். ஆனால் அன்றைக்கு நான் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், கை ஈரமாக இருந்தது, மீன் கழுவிக்கொண்டிருந்தேன். நீ சொன்ன அத்தனையையும் உன் அப்பா கேட்டுவிட்டார். பேச்சு முடிந்ததும் எழுந்து கொல்லைக்குப் போய் முருங்கை மரத்தடியில் வெகுநேரம் நின்றார். வெறும் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றவரை விட்டுவிட்டு நான் மீனைக் கழுவி முடித்தேன். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எழுத வந்தேன், ஆனால் அதைச் சொல்ல முதலில் நம் பழைய கோப்பைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கண்ணாடி அலமாரியில் மேல்தட்டில் இருந்த பீங்கான் கோப்பைகள் உனக்கு மறந்திருக்காது. வெள்ளை வெளேரென்று, விளிம்பில் வெள்ளிக்கோடும் வயிற்றில் சின்னச் சின்ன நீலப்பூவும் போட்டு, அடியில் வைக்கிற பீரிசும் அதே பூவோடு. அவை எப்படி வந்தன என்று உனக்குப் பாதிக்கதைதான் தெரியும். அப்போது நீ என் வயிற்றில் ஐந்து மாதம். உன் அப்பா தோணியில் தண்டல், கொழும்புக்கு வெங்காயமும் கருவாடும் ஏற்றிக்கொண்டு போவார், அத்தனை ஆட்களுக்கும் அவர் சொல்தான் சட்டம், அந்த மிடுக்கு இன்றைக்கும் குறையவில்லை. அங்கே புறக்கோட்டைக் கடைத்தெருவில் ஒரு கடையில் இந்தக் கோப்பைகளைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவிட்டார். புதுச்சாமான் என்றால் நம் துறைமுகத்தில் கஸ்டம்ஸ்காரர்கள் வரி போடுவார்கள், புழங்கின சாமான் என்றால் ஆள் தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கிறான் என்று விட்டுவிடுவார்கள். இது தோணிக்காரர்களுக்கு ஞானோபதேசத்தைவிட நன்றாகத் தெரிந்த பாடம். அதனால் கொழும்பில் பாய் விரித்ததிலிருந்து தூத்துக்குடி வெளிச்சவீடு தெரிகிறவரை தோணியில் இருந்த அத்தனை பேரும் அலுமினிய லோட்டாவை ஓரங்கட்டிவிட்டுப் பீங்கான் கோப்பையில்தான் தேயிலை குடித்திருக்கிறார்கள். கோவணத்தைக் கட்டிக்கொண்டு, கையெல்லாம் தார், சுண்டுவிரலை மட்டும் துரைமார் மாதிரி நீட்டிக்கொண்டு. குடித்த கோப்பையைக் கழுவக்கூடாது என்று தண்டல் உத்தரவு. பழைய துறைமுகத்தில் பெட்டியைத் திறந்து பார்த்த ஆபீசர் கறைபிடித்துக் கிடந்த கோப்பைகளைக் கண்டு மூக்கைச் சுளித்துக்கொண்டு போ என்று விட்டுவிட்டாராம். கொப்பரைச் சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, ஏதோ முத்துக் குளித்து வந்தவர் மாதிரி என் முன்னால் பரப்பினார். அந்தக் கறையைத் தேய்த்து எடுக்க ஒரு மத்தியானம் முழுக்க நான் சாம்பலும் புளியுமாக உட்கார்ந்திருந்தேன், வாய் திட்டிக்கொண்டே இருந்தது, மனசு பறந்துகொண்டிருந்தது. அப்போதுதான் சொன்னார், பிறக்கிறது பெண்ணாக இருந்தால் அவளுக்கு வருகிற மாப்பிள்ளை முதல்முதல் இந்த வீட்டுப் படியேறும்போது என் கையால் இதில்தான் காப்பி கொடுப்பேன் என்று. என் அப்பாவும் அவருக்கு அப்படித்தான் தன் கையால் கலந்து கொடுத்தார், பித்தளைத் தம்ளரில். அது சூடு தாங்காமல் இவர் கைமாற்றிக் கைமாற்றிக் குடித்ததைக் கதவிடுக்கில் நின்று பார்த்துச் சிரித்தவள் நான். அன்றைக்குக் கை சுட்டதுதான் பின்னால் பீங்கானாக வந்தது என்று நினைக்கிறேன்.

நீ பிறந்தாய், நடந்தாய், வெள்ளைக் கவுன் போட்டுக் கோயிலில் முதல்முறை நற்கருணை, அதுதான் புது நன்மை, வாங்கினாய். அன்றைக்கு வீட்டுக்கு வந்த பங்குச் சாமியாருக்கு அந்தக் கோப்பையில் காப்பி கொடுத்தோம். மற்றபடி அலமாரி பூட்டித்தான் இருக்கும். ஒருநாள் நீ சாவியைத் தேடி எடுத்து ஒரு கோப்பையில் எலுமிச்சைத் தண்ணீர் ஊற்றிக் கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தாய். அப்பா அடிக்கப் போகிறார் என்று நான் பயந்தேன், அவரோ குனிந்து பார்த்து, இது உம் மாப்பிள்ளைக்குள்ளது, அவன் வந்து கேட்டால் நான் என்ன சொல்ல என்று கேட்டார். நீ, அவனுக்கும் மிச்சம் வைத்திருக்கிறேன் என்று கோப்பையை நீட்டினாய். அதைச் சொல்லிச் சொல்லி அந்த வருடம் முழுக்கத் துறைமுகத்தில் சிரித்திருக்கிறார்.

பிறகு உன் பதிவுத் திருமணச் சேதி வந்தது. சத்தம் போடுவார், சாமானை உடைப்பார் என்று எதிர்பார்த்தேன், ஒன்றும் செய்யவில்லை. அடுத்த மாதம் பெரியப்பா மகள் எமில்டாவின் கல்யாணம் வந்தபோது அலமாரியைத் திறந்து கோப்பைகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்து அவளுக்குச் சீராகக் கொடுத்துவிட்டார். இனி இந்த வீட்டில் இதற்கு வேலை இல்லை என்றார். இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை, கேட்டால் நீ அழுவாய் என்று தெரியும். அந்தத் தட்டில் எங்கள் மாத்திரை டப்பாக்களை அடுக்கினார். தினமும் பிரஷர் மாத்திரை எடுக்கப் போகும்போதெல்லாம் எனக்குப் பிரஷர் ஏறும். இத்தனை வருடமாக அவர் வாயிலிருந்து மருமகன் என்ற சொல் வந்ததில்லை. தவிர்க்க முடியாமல் போனால் ஸ்ரீவைகுண்டத்துப் பையன் என்பார்.

போன மார்கழியில் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது உனக்குத் தெரியும். தெரியாத ஒன்று, உன் மாமனார் நயினார் அண்ணாச்சி கேள்விப்பட்டு, கடையைப் பூட்டிவிட்டு, பஸ் ஏறி, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். யாரும் அழைக்கவில்லை. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஆற்றில் தண்ணீர் வரத்தைப் பற்றியும் கடலில் காற்றைப் பற்றியும் பேசினார்கள், பிள்ளைகளைப் பற்றி மூச்சுவிடவில்லை. கட்டுப்போட்ட கண்ணோடு அப்பா, சொட்டுமருந்தைத் தவறாமல் விடுங்கள் என்று அண்ணாச்சி. அவர் போன பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டு, அவர் காப்பி குடித்தாரா என்று கேட்டார். குடித்தார் என்றேன். எதில் கொடுத்தாய் என்றார். எவர்சில்வர் தம்ளரில் என்றேன். அதோடு திரும்பிப் படுத்துவிட்டார். சம்பந்தி முதல்முறையாக வீடு தேடி வந்து எவர்சில்வர் தம்ளரில் குடித்துவிட்டுப் போனது அவரைத் தைத்துவிட்டது. எமில்டாவிடம் கேட்டால் இரண்டு கோப்பை தரமாட்டாளா என்று நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன், கொடுத்த சீரைத் திருப்பிக் கேட்கிறவன் மனுசனா என்று என்மேல் பாய்ந்தார்.

கட்டு அவிழ்த்த பிறகு தெருமுனையில் டேவிட்சன் என்கிற பையன் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடையே கதி என்று கிடந்தார். பென்சன் வேலை என்று என்னிடம் பொய். அங்கே டேவிட்சனின் போனில் ஊர் உலகத்தில் பழைய சாமான் விற்கிற இடத்தையெல்லாம் துழாவி, கடைசியில் இங்கிலாந்தில் ஒரு வயசான அம்மா வீட்டைக் காலி செய்து விற்ற கோப்பைகளைக் கண்டுபிடித்துவிட்டார். அதே நீலப்பூ, அதே வெள்ளிக்கோடு, அடியில் ஸ்ரீலங்காவில் செய்தது என்ற எழுத்து. ஒரு செட்டு போதாதென்று, வழியில் உடைந்தால் என்ன செய்ய என்று, அந்த அம்மாவிடம் இருந்த இரண்டு செட்டையும் வாங்கிவிட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். தண்டல் மூளை சும்மா இருக்குமா. டேவிட்சனை விட்டு இங்கிலீசில் எழுதச் சொல்லியிருக்கிறார், பெட்டிக்குள் பில் வைக்க வேண்டாம், வெளியே விலை எழுத வேண்டாம், கோப்பையில் டீக்கறை இருந்தால் கழுவ வேண்டாம் என்று. அந்த அம்மா பாவம், எல்லாவற்றையும் சுத்தமாகக் கழுவித்தான் வைத்திருக்கிறேன், மன்னிக்கவும் என்று பதில் போட்டாளாம்.

போன மாதக் கடைசியில் சென்னைக் கஸ்டம்ஸ் ஆபீசிலிருந்து தபால் வந்தது. வெளிநாட்டுப் பார்சல் வந்திருக்கிறது, பில் இல்லை, சுங்கவரி கட்ட வேண்டும், எதற்காக வாங்கினது என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் அனுப்பின இடத்துக்கே திரும்பிப் போய்விடும். பில் இல்லாததால் புதுச்சாமான் விலைக்கு மதிப்புப் போட்டு வரியும் அதற்கேற்றபடி. சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கதை. உன் அப்பா இல்லாத நேரத்தில் தபாலைப் பிரித்தவள் நான், பழைய டீ செட்டு என்று போட்டிருந்ததைப் படித்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். யாருக்கு என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. ஆனால் அவர் வந்து பார்த்ததும் ஆடிய ஆட்டம் இருக்கிறதே. பழசுக்கு எவனாவது வரி கேட்பானா, இத்தனை வருடம் கடலில் போய்வந்த எனக்கே வரியா, ஒரு பைசா கட்ட மாட்டேன், திரும்பிப் போனால் போகட்டும் என்றார். ஒவ்வொரு நாளும் அதே பல்லவி. போகட்டும் என்று அவர் சொல்லும்போதெல்லாம் உன்னை யாரோ வாசலோடு திருப்பி அனுப்புவது மாதிரி எனக்கு இருந்தது. அப்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை உன் போன் வந்தது. முருங்கை மரத்தடியிலிருந்து உள்ளே வந்தவர் சட்டையை மாட்டிக்கொண்டு, நாளைக்குச் சென்னைக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸில் இரண்டு டிக்கெட் போடு என்று டேவிட்சனிடம் போய்ச் சொன்னார்.

சென்னையில் அந்த ஆபீசில் இருந்த பெண்ணுக்கு உன் வயசுதான் இருக்கும், நெற்றியில் பொட்டும் கழுத்தில் அடையாள அட்டையுமாகப் பொறுமையாகப் பேசினாள். பில் எங்கே சார் என்றாள். உன் அப்பா மின்விசிறியைப் பார்த்தார். பில் வைக்காதே என்று இவர்தான் சொன்னார் அம்மா என்று நான் போட்டு உடைத்துவிட்டேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நல்லவேளை, டேவிட்சன் அந்த இங்கிலாந்து அம்மாவோடு பேசினதையும் பணம் போனதையும் காகிதத்தில் எடுத்துக் கொடுத்திருந்தான், அதைப் பார்த்து மதிப்பைக் குறைத்துப் போட்டாள். அப்போதும் வரி வரிதான். இவர் விடவில்லை, புழங்கின சாமான் அம்மா இது என்றார். கையில் கொண்டுவருகிற பெட்டிக்கு ஒரு சட்டம், பார்சலில் வருவதற்கு வேறு சட்டம், பார்சலில் வந்தால் பழசும் புதுசும் ஒன்றுதான் என்று அவள் விளக்கினாள். உடனே இவர் கொழும்பிலிருந்து வரும்வரை தோணிக்காரர்கள் தேயிலை குடித்துக் கறையாக்கிய கதையை, எனக்கா சட்டம் தெரியாது என்கிற தோரணையில், ஆதியோடு அந்தமாக எடுத்துவிட்டார். சொல்வது யாரிடம், கஸ்டம்ஸ் ஆபீசரிடம். நான் சட்டையைப் பிடித்து இழுக்கிறேன், பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டுக் கேட்கிறார்கள். அந்தப் பெண் சிரித்துவிட்டு, அது நான் பிறக்கிறதுக்கு முன்னால சார் என்றாள்.

பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, இரண்டு செட்டு இருக்கிறதே, கடையில் வைத்து விற்கவா, சொந்த உபயோகமா, எதற்கு என்று எழுத வேண்டும் என்று கேட்டாள். அத்தனை நேரம் வாய் ஓயாமல் பேசினவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன், கையைக் காட்டி நிறுத்தினார். அவர் சொன்னதை ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

"விக்கதுக்கு இல்லம்மா. எம் மருமவன் மொதமொதல்ல எங்க வீட்டுக்கு வாராரு. அவருக்குக் காப்பி குடுக்கதுக்கு."

ஸ்டெபி, நான் அந்த ஆபீசிலேயே அழுதுவிட்டேன். அந்தப் பெண் எனக்குத் தண்ணீர் பாட்டிலை நகர்த்திவிட்டு, சொந்த உபயோகம் என்று எழுதிக்கொண்டாள். போட்ட வரியை உன் அப்பா ஒரு வார்த்தை பேரம் பேசாமல் கட்டினார். தோணி ஓட்டின காலமெல்லாம் கஸ்டம்ஸுக்குக் கட்டாமல் தப்பித்ததையே வீரமாகப் பேசினவர், அன்றைக்குக் கட்டிவிட்டு வெளியே வரும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். ஊர் திரும்பும்போது ரயிலில் பெட்டியைச் சீட்டுக்கு அடியில் வைக்க விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் தானே பிரித்தார், தானே கழுவினார். ஒரு பீரிசு மட்டும் ஓரத்தில் உடைந்திருந்தது, வெள்ளிக்கோடு அங்கங்கே தேய்ந்திருக்கிறது, மற்றபடி எல்லாம் நம் பழைய கோப்பைகள் மாதிரியேதான். மாத்திரை டப்பாக்கள் இப்போது பிரிட்ஜுக்கு மேலே. நல்லாயிருக்கிறதா என்று ஒரு வாய் காப்பி இதில் குடித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். கையைத் தட்டிவிட்டார், அவர் வந்து முதல் வாய் குடிக்கட்டும் என்றார்.

அதனால் மகளே, கோயில் வாசலோடு போய்விடாதே. அப்பா நேரில் கூப்பிடவில்லை என்ற உன் வருத்தம் எனக்குப் புரிகிறது, அவர் போனில் கூப்பிடுவார் என்று நான் உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன், அந்த நாக்கு அப்படிப்பட்டது. ஆனால் அரசாங்க ஆபீசில், முன்பின் தெரியாத ஆட்களுக்கு முன்னால் அவர் கூப்பிட்டாயிற்று. பாலகணேசிடம் இந்தக் கடிதத்தை அப்படியே வாசித்துக் காட்டு, தோணிக் கதையை விட்டுவிடாதே. அண்ணாச்சியையும் அத்தையையும் கூடவே அழைத்து வாருங்கள், இரண்டு செட்டு இருக்கிறது. கொடியேற்றத்துக்கு முந்தின நாளே வந்துவிட்டால் தெருவில் கூட்டம் இருக்காது. வரும்போது அப்பாவுக்கு அங்கிருந்து எதுவும் வாங்கிக்கொண்டு வராதே, அதற்கு வரி உண்டா இல்லையா என்று நாள் முழுக்க வகுப்பெடுப்பார். முதுகு வலிக்கிறது என்றாய், நின்றே வேலை செய்கிறவள் ராத்திரி காலை உயர்த்தி வைத்துப் படு. பூசைக்குப் போகத் தவறாதே. எமில்டா உன்னைக் கேட்டாள், அவளுடைய சின்னவன் நடக்க ஆரம்பித்துவிட்டான், கோப்பை இருக்கிற அலமாரிப் பக்கம் மட்டும் அவனை விடாதே என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

உன் நெற்றியில் நான் போடுகிற சிலுவையை நீ வாங்கிக்கொள், பாலகணேசின் நெற்றியிலும் திருநீற்றுக்குப் பக்கத்தில் இடம் பார்த்து என் சார்பில் ஒன்று போட்டுவிடு, இரண்டும் ஒன்றையொன்று ஒன்றும் செய்யாது. மாதா உங்கள் இருவரையும் கடல் தாண்டிப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

கையெழுத்துப் போடப் போகும்போது உன் அப்பா வந்துவிட்டார். யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்கவில்லை, கடிதத்தை எட்டிப் பார்க்கவும் இல்லை. அலமாரி கண்ணாடியைத் துண்டால் துடைத்துக்கொண்டே, "ஏளா, அவருக்குச் சீனி எத்தன கரண்டின்னு கேட்டு எழுது, நாந்தான கலக்கணும்" என்கிறார். மறக்காமல் பதில் சொல்.

உன் அம்மா,
பிளாரன்ஸ் ரோச்